ஆல்ப்ஸ் மலைல ஒரு பால் கிராமத்தை முழுசா பாக்குறது எப்படி

ஆல்ப்ஸ் போறவங்கள்ல முக்காவாசிப் பேரு கேபிள் கார்ல ஏறி, பனிய பாத்து, போட்டோ எடுத்துட்டு இறங்கிடுறாங்க. போற வழியில பஸ் ஜன்னல்ல பச்சைப் புல்வெளி, கழுத்துல மணி கட்டுன மாடு, மரவீடுன்னு வரிசையா வரும், அழகா இருக்குன்னு சொல்லிட்டு அதோட சரி. ஆனா விஷயமே அந்தப் புல்லுலதான் இருக்கு. புல்லு பாலாகி, பாலு சீஸாகி, சீஸு காசாகி, அந்தக் காசுலதான் அந்த ஊரு பல தலைமுறையா நிக்குது. அதனால அந்த மாதிரி ஊரை பாக்கணும்னா பால் போற வழியிலயே நீங்களும் போகணும், கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ, தொழுவத்துலேர்ந்து சீஸ் நிலவறை வரைக்கும். அதை எப்படி பண்றதுன்னுதான் எழுதுறேன்.

எந்த ஊருன்னு கேட்டா நான் ஆஸ்திரியாவோட மேற்கு ஓரத்துல இருக்குற ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தைத்தான் சொல்லுவேன், அதுக்குள்ள ப்ரெகென்ஸர்வால்ட்னு ஒரு பள்ளத்தாக்கு. இருபதுக்கும் மேல சின்னச் சின்ன ஊருங்க, எக், லிங்கெனாவ், ஹிட்டிஸாவ், ஷ்வார்ட்ஸன்பெர்க், பெட்ஸாவ், மெல்லாவ், ஆவ், ஷொப்பர்னாவ்னு பள்ளத்தாக்கு முழுக்க பரவிக் கிடக்கும். ஸ்விட்சர்லாந்துலயும் பிரான்ஸ்லயும் நல்ல பால் ஊருங்க நிறைய இருக்கு, இல்லைங்கல, ஆனா இங்க பழைய முறை இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு, கண்காட்சியா மாறல, ஊருக்குள்ளயே பால் சேர்த்து ஊருக்குள்ளயே சீஸ் பண்ணி ஊருக்குள்ளயே விக்கிறாங்க. போறதும் சுலபம், டோர்ன்பிர்ன் வரைக்கும் ரயில், அங்கேர்ந்து பஸ். கார் வேண்டவே வேண்டாம்னு சொல்லுவேன், பஸ் பள்ளத்தாக்கு முழுக்க போகுது, தங்குற எடத்துல விருந்தினர் கார்டு உண்டான்னு புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க, சில வீடுகள்ல பஸ் டிக்கெட்டும் அதுலயே அடங்கிடும்.

முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மாடு எப்ப எங்க இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். இங்க ஒரு குடும்பத்துக்கு ஒரே பண்ணை இல்ல, மூணு உயரத்துல மூணு எடம். கீழ ஊருல வீடும் தொழுவமும், ஷ்வார்ட்ஸன்பெர்க் சுமார் 700 மீட்டர், ஷொப்பர்னாவ் சுமார் 850 மீட்டர்னு வெச்சுக்கோங்க. அதுக்கு மேல நடு உயரத்துல ஒரு குடிசையும் புல்வெளியும், இதுக்கு பேரு ஃபோர்ஸேஸ். அதுக்கும் மேல மரமெல்லாம் குறைஞ்சு வெறும் புல்லும் பாறையுமா இருக்குற எடம் ஆல்பெ. பனி உருகி புல்லு முளைக்க முளைக்க மாடுங்க அது பின்னாடியே ஏறும், மே கடைசி இல்ல ஜூன்ல ஃபோர்ஸேஸ், ஜூலை வாக்குல ஆல்பெ, செப்டம்பர்ல திரும்ப ஃபோர்ஸேஸ், குளிர் வந்ததும் கீழ தொழுவம். வருஷத்துக்கு வருஷம் பனிய பொறுத்து முன்ன பின்ன ஆகும்.

ஏன் இவ்வளவு அலைச்சல்னா, கீழ இருக்குற நிலம் ரொம்பக் கம்மி. கோடைல மாட்டை கீழயே மேய விட்டா குளிர்காலத்துக்கு வைக்கோல், அதாவது காயவெச்ச புல்லு, சேர்க்க எடமே இருக்காது, பல மாசம் மாடு தொழுவத்துக்குள்ள நின்னு சேமிச்ச வைக்கோலைத்தான் திங்கணும். அதனால கோடைல மாட்டை மலைக்கு அனுப்பிட்டு கீழ இருக்குற புல்லை வெட்டி காயவெச்சு அடுக்கிடுறாங்க. ஒரே நிலத்துல ரெண்டு வேலை முடியாதுன்னு மலையையே மூணு மாடியா பிரிச்சிருக்காங்க பாருங்க, அந்த யோசனைக்கே ஒரு கும்பிடு போடணும். இந்த மூணு அடுக்கு விவசாயத்தை ஆஸ்திரியா 2011ல தன்னோட யுனெஸ்கோ கலாச்சார மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. மாட்டை பருவத்துக்கு ஏத்த மாதிரி ஓட்டிக்கிட்டுப் போற வழக்கம் 2019ல உலக அளவு பட்டியல்லயே ஏறிச்சு, ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ் மூணு நாடும் சேர்ந்து கேட்டு வாங்குனது, 2023ல இன்னும் சில நாடுகளும் சேர்ந்துக்கிச்சு.

இப்ப உங்க தேதி. சீஸ் பண்றதை மலை மேலயே பாக்கணும்னா ஜூலை நடுவுலேர்ந்து ஆகஸ்ட் கடைசி. மாடு இறங்குற ஊர்வலம் பாக்கணும்னா செப்டம்பர். வைக்கோல் வெட்டுற வேலை பாக்கணும்னா ஜூன்ல ரெண்டு மூணு நாள் தொடர்ந்து வெயில் அடிக்கிற சமயம், அப்ப ஊரே வயல்ல நிக்கும், செங்குத்தான சரிவுல டிராக்டர் ஏறாத எடத்துல கையால தள்ளுற வெட்டு மிஷின் வெச்சு வெட்டி, இலை ஊதுற மிஷின முதுகுல மாட்டிக்கிட்டு காஞ்ச புல்லை கீழ நோக்கி ஊதித் தள்ளுவாங்க, பாத்தா நம்ப மாட்டீங்க. ஏப்ரலும் நவம்பரும் தவிர்த்துடுங்க, ஹோட்டல் பாதி மூடியிருக்கும், மாடு உள்ள இருக்கும், மலை மேல யாரும் இருக்க மாட்டாங்க.

தங்குறது

பெரிய ஹோட்டல் விட்டுட்டு மாடு வெச்சிருக்குற வீட்டுல ரூம் எடுங்க. ஆஸ்திரியால பண்ணை வீட்டுல விருந்தாளி தங்குறது ரொம்ப சாதாரணம், நிறைய குடும்பத்துக்கு அது ரெண்டாவது வருமானம். அந்த நாட்டுல இருக்குற பண்ணைகள்ல பாதிக்கு மேல பகுதி நேரமாத்தான் நடக்குது, காலைல பால் கறந்துட்டு தச்சு வேலைக்கோ, குளிர்காலத்துல ஸ்கீ லிஃப்ட் வேலைக்கோ போயிட்டு சாயங்காலம் திரும்ப பால் கறக்க வந்துடுவாங்க. அந்த வீட்டுல தங்குனா நீங்க குடுக்குற வாடகை நேரா தொழுவத்துக்குப் போகும், அதோட காலைலயும் சாயங்காலமும் பால் கறக்குறதை கேட்டு, அனுமதி வாங்கி, ஓரமா நின்னு பாக்கலாம். கேக்காம தொழுவத்துக்குள்ள காலை வெக்காதீங்க, வேற பண்ணைலேர்ந்து அதே ஷூவோட வந்தா நோய் கூட வரும்னு அவங்களுக்கு கவலை இருக்கும். கோடை நடுவுல அந்த வீட்டு மாடு மலை மேல இருக்க வாய்ப்பு அதிகம், அதனால மாடு இப்ப கீழ இருக்கா மேல இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க.

ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, வார நாள்லயும் சின்ன கடைங்க மத்தியானம் ரெண்டு மணி நேரம் மூடிடும். மலை மேல கார்டு ஓடாத எடம் உண்டு, யூரோ நோட்டும் சில்லறையும் கையில இருக்கட்டும். எதிர்ல யாரு வந்தாலும் க்ரூஸ் காட்னு ஒரு வணக்கம் சொல்லுங்க, சொல்லாம போறதுதான் அங்க மரியாதைக் குறைவு.

காலைல சீஸ் கூடத்துக்குப் போங்க

ஊருக்குள்ள பால் சேர்த்து சீஸ் பண்ற எடத்துக்கு ஸெனெரைனு பேரு, அதுல வேலை செய்யிறவர் ஸென்னர். நிறைய ஊருல இது விவசாயிங்களே பங்கு போட்டு நடத்துற கூட்டுறவு. பாக்கணும்னா காலைல போகணும், மத்தியானம் போனா கழுவி விட்ட தரைதான் இருக்கும். சில எடத்துல கண்ணாடி வழியா பாக்க வசதி இருக்கு, இல்லாத எடத்துல முந்தின நாளே கடைல கேட்டு வெச்சுக்கோங்க.

நடக்குறது இதுதான். முந்தின சாயங்காலப் பாலை ராத்திரி முழுக்க ஆற வெச்சு மேல மிதக்குற க்ரீம்ல கொஞ்சத்தை எடுத்துடுவாங்க, அதோட காலைப் பாலை சேர்த்து பெரிய செம்பு கொப்பரைல ஊத்தி 32 டிகிரி வாக்குல சூடாக்கி உறை சேர்ப்பாங்க. பால் கெட்டியாக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்புறம் கம்பி கட்டுன ஒரு சட்டத்தால, அதுக்கு யாழ்னுதான் பேரு, அந்தக் கட்டியை கோதுமை மணி அளவுக்கு வெட்டிக்கிட்டே இருப்பாங்க. திரும்ப சூடாக்கி 50 டிகிரி தாண்டி கொண்டு போவாங்க, மணி சுருங்கி தண்ணிய விடும். இந்த எடத்துல ஸென்னரோட கையைப் பாருங்க, தெர்மாமீட்டர் பக்கத்துல இருந்தாலும் ஒரு பிடி அள்ளி அழுத்தி, விரிச்சு, உதிருதான்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவார். துணில அள்ளி, அச்சுல போட்டு, அழுத்தி, அடுத்து உப்புத் தண்ணி, அப்புறம் நிலவறை. அங்க மாசக்கணக்குல உப்புத் தண்ணி தொட்டு துடைச்சு திருப்பிப் போடணும். ஒரு கிலோ சீஸுக்கு சுமார் 10 லிட்டர் பால், 30 கிலோ சக்கரம் ஒண்ணு பண்ண 300 லிட்டர் வேணும், அதாவது ஒரு சின்ன பண்ணையோட ஒரு நாள் பாலு மொத்தமும் ஒரே சக்கரத்துல அடங்கிடும். விலை பாத்து அதிகம்னு தோணுனா இந்தக் கணக்கை நெனச்சுக்கோங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம், இது தெரியாம பாத்தா பாதி புரியாது. இந்தப் பாலுக்கு வைக்கோல் பால்னு பேரு, ஹோய்மில்ஹ்னு போட்டிருப்பாங்க. மாட்டுக்கு பச்சைப் புல்லு, காஞ்ச புல்லு, கொஞ்சம் தானியம், அவ்வளவுதான், பிளாஸ்டிக் உருண்டைல சுத்தி புளிக்க வெச்ச புல்லு, சைலேஜ்ங்கிறது, குடுக்கவே கூடாது. காரணம் ருசி மட்டும் இல்ல. சைலேஜ்ல வளர்ற ஒரு வகை க்ளாஸ்ட்ரிடியம் கிருமியோட விதை பாலுக்குள்ள வந்துட்டா சூடாக்குனாலும் சாகாது, சீஸ் முதிர ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஆனப்புறம் உள்ள கேஸ் விட்டு சக்கரம் ஊதி வெடிச்சிடும், மாசக்கணக்கு உழைப்பு காலி. பச்சைப் பால்ல, மருந்து எதுவும் சேர்க்காம, நாள்பட முதிர வெக்கிற சீஸ் வேணும்னா சைலேஜ் இல்லாத பால்தான் வழி. சைலேஜ் போட்டா விவசாயிக்கு வேலை மிச்சம், மழைல கூட புல்லு வெட்டலாம், அதை வேண்டாம்னு விட்டுட்டு வெயிலுக்கு காத்துக்கிட்டு வைக்கோல் காயவெக்கிறாங்க, அதுக்கு பாலுக்கு கூடுதல் விலை கிடைக்குது. 2016லேர்ந்து வைக்கோல் பாலுக்கு ஐரோப்பிய யூனியனோட பாரம்பரியச் சான்று இருக்கு. உருண்டை உருண்டையா பிளாஸ்டிக் கட்டு கிடக்காத புல்வெளிய பாத்தா இப்ப ஏன்னு உங்களுக்குத் தெரியும்.

லிங்கெனாவ் ஊருல ஒரு பெரிய சீஸ் நிலவறை இருக்கு, பல ஊரு ஸெனெரைகளோட சக்கரங்களை ஒண்ணா வெச்சு முதிர வெக்கிறாங்க, அடுக்கு அடுக்கா கூரை வரைக்கும், நடுவுல ரோபோ போய் ஒவ்வொண்ணா எடுத்து துடைச்சு திருப்பி வெச்சுட்டு வரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம், ருசியும் பாக்கலாம். மரபுன்னா எல்லாத்தையும் கையால பண்ணித்தான் ஆகணும்னு இல்ல, துடைக்கிற வேலை ஸென்னரோட தோள்பட்டையை தின்னுச்சு, அதை மிஷின் கிட்ட குடுத்துட்டு பாலையும் புல்லையும் மாத்தாம காப்பாத்துறாங்க, எனக்கு அது சரியான முடிவாத்தான் படுது.

சீஸ் வாங்குறது

கடைல ரெண்டு பேரு பாப்பீங்க. ஃபோரார்ல்பெர்கர் பெர்க்கேஸ, ஃபோரார்ல்பெர்கர் ஆல்ப்கேஸ. ரெண்டுக்கும் 1997லேர்ந்து ஐரோப்பிய பாதுகாப்புப் பேரு உண்டு, வேற எடத்துல பண்ணிட்டு இந்தப் பேரை போட முடியாது. முதலாவது ஊரு ஸெனெரைல வருஷம் முழுக்க பண்றது. ரெண்டாவது கோடைல மலை மேல, அந்த ஆல்பெலயே கறந்து அங்கயே பண்றது, அதனால அளவு கம்மி, விலை ஜாஸ்தி. முதல்ல எத்தனை மாசம்னு கேளுங்க. 3 மாசம் 4 மாசம்னா மிருதுவா பால் வாசனையோட இருக்கும், 10 மாசம் தாண்டுனா காரம் ஏறி உள்ள சின்னச் சின்ன வெள்ளை மணி கடிபடும், அது உப்பு இல்ல, புரதம் உடைஞ்சு உருவான படிகம், நல்ல அறிகுறி. அடுத்து எந்த ஆல்பென்னு கேளுங்க, விக்கிறவங்க முகமே மலர்ந்திடும், பல நேரம் அவங்க சொந்தக்காரங்களே மேல இருப்பாங்க. கோடைப் பால் சீஸு நல்லா மஞ்சளா இருக்கும், பச்சைப் புல்லுல இருக்குற கரோட்டின் பண்ற வேலை.

வாங்குனதை பிளாஸ்டிக்ல இறுக்கி சுத்தாதீங்க, சீஸ் பேப்பர் இல்லன்னா துணி, சாப்பிடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வெச்சுடுங்க. பச்சைப் பால் சீஸுங்கிறதால கர்ப்பிணிங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு சாப்பிடுறது நல்லது.

அப்புறம் ஸிக்னு பழுப்பு நிறத்துல ஒண்ணு வெச்சிருந்தா தவறாம வாங்குங்க. சீஸ் எடுத்தப்புறம் மிஞ்சுற தெளிஞ்ச பால் தண்ணிய மணிக்கணக்குல காய்ச்சி சுண்ட வெச்சு பண்றது, இனிப்பும் லேசான உப்புமா இருக்கும், இனிப்பு வாங்க வசதியில்லாத காலத்துல பிள்ளைங்களுக்கு இதுதான் மிட்டாய். மீதி பால் தண்ணி மலை மேலயே பன்னிக்குப் போகும், எதுவும் வீணாகாது. மத்தியானத்துக்கு கேஸ்க்னோப்ஃப்லெ சாப்பிடுங்க, மாவும் முட்டையும் கலந்த சின்ன சின்ன உருண்டைய வேக வெச்சு நடுவுல நடுவுல சீஸ் தூவி மேல வறுத்த வெங்காயம், மரத்தொட்டியோட டேபிளுக்கு வரும், தொட்டுக்க உருளைக்கிழங்கு சாலட் இல்லன்னா ஆப்பிள் கூழ். ரெண்டு பேருக்கு ஒரு தொட்டி தாராளம். பெட்ஸாவ் ஊரோட ஃபோர்ஸேஸான ஷோனன்பாக்ல சாப்பிட்டா இன்னும் விசேஷம், புல்வெளி நடுவுல மரக்குடிசைங்களும் ஒரு சின்ன சர்ச்சும், கோடைல ஊரே மேல குடி வந்த மாதிரி இருக்கும்.

மலை மேல நடக்கும்போது மாட்டுக்கிட்ட நடந்துக்கிற விதம்

இதை அசட்டையா எடுத்துக்காதீங்க. 2014ல ஆஸ்திரியாவோட டிரோல் மாநிலத்துல ஒரு பள்ளத்தாக்குல நாயோட நடந்து போன ஒரு பெண்ணை மாட்டுக்கூட்டம் மிதிச்சு கொன்னுடுச்சு. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2020ல பொறுப்பு பாதி மாட்டுக்காரருக்கு, பாதி இறந்தவங்களுக்குன்னு முடிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி 2019ல முதல் தீர்ப்பு வந்தப்ப மலை விவசாயிங்க நடுங்கிப் போயிட்டாங்க, ஒரு கேஸ்ல பண்ணையே போயிடும், இனி வழியையே அடைச்சிடலாமான்னு பேச்சு வந்துச்சு. அந்த முதல் தீர்ப்புக்கு அப்புறம்தான் அதே வருஷம் அரசாங்கம் நடத்தை விதிகளை வெளியிட்டு சட்டத்தையும் திருத்துச்சு. நீங்க நடக்குற பாதை பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட மேய்ச்சல் நிலத்துக்குள்ளதான் போகுது, அதை ஞாபகம் வெச்சுக்கிட்டா மீதியெல்லாம் தானா வரும்.

பாதைய விட்டு இறங்காதீங்க. மாட்டை தடவ, தீனி குடுக்க, செல்ஃபி எடுக்க கிட்ட போகாதீங்க, முக்கியமா கன்னுக்குட்டி இருந்தா தாய் எப்ப பாயும்னு சொல்ல முடியாது. பாதை நடுவுல படுத்திருந்தா தூரமா சுத்திப் போங்க. தலையை தாழ்த்தி மூச்சு விட்டு உங்களையே பாத்தா நிதானமா விலகுங்க, முதுகை காட்டி ஓடாதீங்க. நாய் இருந்தா குட்டை கயிறுல பிடிங்க, ஆனா மாடு பாய வந்தா உடனே நாயை விட்டுடுங்க, அது ஓடித் தப்பிச்சுக்கும், மாட்டோட கோபமும் அது மேலதான், பிடிச்சு வெச்சிருந்தீங்கன்னா நீங்கதான் மாட்டுவீங்க. நீங்க திறந்த கேட்டை மூடிட்டுப் போங்க. நாயோட கழிவை பையில எடுங்க, அந்த பையையும் புல்லுலயே வீசிடாதீங்க. புல்லு அங்க அலங்காரம் இல்ல, அது பயிர், அதுல நாய் அசிங்கம் கலந்து வைக்கோலா போனா சினை மாட்டுக்கு கரு கலையிற அளவுக்கு நோய் வரும். அதே காரணத்துக்குத்தான் ஜூன்ல இடுப்பளவு நிக்கிற புல்லுக்குள்ள இறங்கி போட்டோ எடுக்கக் கூடாதுங்கிறதும். மலைல ஆபத்துன்னா 140, பொது அவசரத்துக்கு 112.

ஆல்பெ எல்லாம் ஒரே மாதிரி இல்ல. சிலதுல இளம் மாடு மட்டும் மேயும், சிலதுல பால் கறந்து கீழ அனுப்புவாங்க, சிலதுலதான் சீஸே பண்ணுவாங்க. ஊரு தகவல் மையத்துல சீஸ் பண்ற ஆல்பெ எதுன்னு கேட்டுட்டு நடங்க, இல்லன்னா ரெண்டு மணி நேரம் ஏறிப்போய் கன்னுக்குட்டிய பாத்துட்டு வருவீங்க. அங்க போனதும் வேலை நேரத்துல கேள்வி கேட்டு தொந்தரவு பண்ணாம ஒரு கிளாஸ் பாலோ மோரோ வாங்கிட்டு உக்காருங்க, விடியறதுக்கு முன்னாடி எழுந்து ரெண்டு வேளை கறந்து சீஸ் பண்ணி பன்னிக்கு ஊத்தி வேலி பாத்து ராத்திரி படுக்குற ஆளுங்க, அவங்களா பேச ஆரம்பிச்சா நிறைய சொல்லுவாங்க.

காசு எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சுக்கிறது

ஆல்பெல பல எடம் பொதுச் சொத்து, தனி ஆளோடது இல்ல, பல குடும்பம் பங்கு வெச்சிருக்கும், உங்க பங்குக்கு எத்தனை மாடோ அத்தனைதான் மேய விடலாம், மாட்டுக்கு இவ்வளவு, கன்னுக்கு இவ்வளவுன்னு கணக்கு. பேராசைல ஒருத்தர் நூறு மாடு ஓட்டிட்டு வந்து புல்லை மொட்டையடிக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து வேலி கட்டணும், கல்லு பொறுக்கணும், புதர் வெட்டணும். மேய்ச்சல் நின்னா அந்தப் புல்வெளியே இருக்காது, சில வருஷத்துல புதரும் அப்புறம் காடும் மூடிடும், நீங்க இயற்கைன்னு ரசிக்கிற காட்சி மாட்டோட வாயும் மனுஷனோட கையும் சேர்ந்து செஞ்சது. அதுக்காகத்தான் மலை விவசாயிக்கு அரசாங்கமும் ஐரோப்பிய யூனியனும் உதவித்தொகை குடுக்குது, சரிவு எவ்வளவு, மாடு மேல போகுதான்னு பாத்து. இவ்வளவு பால்தான்னு அளவு வெச்சிருந்த ஐரோப்பிய யூனியனோட கோட்டா முறைய 2015ல எடுத்ததுக்கு அப்புறம் சமவெளிப் பண்ணைங்க பாலை சந்தைல கொண்டுவந்து குவிக்கிறாங்க, சும்மா பால்னு வித்தா மலைக்காரர் அந்த விலையோட மோத முடியாது, வைக்கோல் பால், பாதுகாக்கப்பட்ட பேரு, நேரடிக் கடைன்னு தரத்தை வெச்சுத்தான் தாக்குப் பிடிக்கிறாங்க.

இந்தக் கூட்டுறவு சும்மா வந்ததில்ல. 19ம் நூற்றாண்டுல இந்தப் பள்ளத்தாக்கோட சீஸ் வியாபாரம் சில பெரிய வியாபாரிங்க கையில இருந்துச்சு, ஊர்க்காரங்க அவங்களை சீஸ் பிரபுன்னே கூப்பிட்டாங்க. முன்பணம் குடுத்து கடன்ல வெச்சு பால் விலையை அவங்களே முடிவு பண்ணுவாங்க, விவசாயி கையை கட்டிக்கிட்டு நிக்கணும். ஷொப்பர்னாவ்ல ஃப்ரான்ஸ் மிகேல் ஃபெல்டர்னு ஒருத்தர், 1839ல பொறந்தவர், சின்ன விவசாயி, எழுத்தாளர், பெரிசா பள்ளிப்படிப்பு இல்லாம தானா படிச்சவர். 1860கள்ல விவசாயிங்களே சேர்ந்து சீஸ் விக்கிற சங்கம், மாடு செத்தா ஈடு குடுக்குற காப்பீடு, ஊருக்கு நூலகம், எல்லாருக்கும் சம உரிமை கேக்குற ஒரு கட்சின்னு வரிசையா ஆரம்பிச்சார். பணக்காரங்களும் பாதிரியாரும் எதிர்த்து ஊரை விட்டே கொஞ்ச நாள் போக வேண்டியிருந்துச்சு. 1869ல முப்பது வயசு முடியறதுக்குள்ள செத்துட்டார். ஷொப்பர்னாவ்ல அவருக்கு ஒரு மியூசியம் இருக்கு, சின்னதுதான், ஆனா ஸெனெரை பாத்த அன்னிக்கே இதையும் பாத்துடுங்க, அப்பத்தான் அந்த கூட்டுறவு போர்டுக்கு பின்னாடி என்ன சண்டை நடந்துச்சுன்னு தெரியும். எனக்கு இந்தப் பள்ளத்தாக்குல ரொம்பப் பிடிச்ச மனுஷன் இவர்தான்.

அதுக்கும் முன்னாடி நிலம் போதாம ஆம்பளைங்க வெளியூர் போய் கட்டட வேலை பாத்தாங்க. ஆவ் ஊருல 1657ல ஒரு கொத்தனார் சங்கம் ஆரம்பிச்சு, அதுலேர்ந்து வந்த ஆளுங்க தெற்கு ஜெர்மனிலயும் ஸ்விட்சர்லாந்துலயும் பரோக்ங்கிற அலங்காரப் பாணியில பெரிய பெரிய சர்ச்சுங்களை கட்டுனாங்க, ஸ்விட்சர்லாந்துல இருக்குற ஐன்ஸீடெல்ன் மடத்தை வடிவமைச்ச காஸ்பார் மோஸ்ப்ரூகர் இந்த ஊருக்காரர்தான். வசந்தத்துல கிளம்பி, பனி வரும்போது திரும்புவாங்க, மாட்டை பொம்பளைங்க பாத்துக்கிட்டாங்க. அதோட பொம்பளைங்க ஸ்விஸ் வியாபாரிங்களுக்கு எம்ப்ராய்டரியும் போட்டுக் குடுத்தாங்க. ஃபோரார்ல்பெர்க்லேர்ந்து ஏழைப் பிள்ளைங்க மலைய தாண்டி ஜெர்மனியோட ஸ்வாபியா பக்கம் மாடு மேய்க்க நடந்தே போனாங்க, 20ம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும். அந்த அழகான மரவீட்டுக்கு முன்னாடி நிக்கும்போது இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

வீட்டைப் படிக்கிறது

வீட்டை முன்னாடி மட்டும் பாக்காம பக்கவாட்டுல நடந்து பாருங்க. முன் பாதி மனுஷங்க, பின் பாதி மாடும் வைக்கோலும், ஒரே கூரை, பனில வெளிய வராமலே தொழுவத்துக்குப் போயிடலாம், வைக்கோல் அடுக்கு குளிரையும் தடுக்கும். சுவர் மேல மீன் செதில் மாதிரி சின்ன சின்ன மரச்சில்லு அடுக்கியிருக்கும், மழையும் வெயிலும் பட்டு வெள்ளி நிறமா மாறும், கெட்டுப்போனதை மட்டும் மாத்துனா போதும். பக்கத்துல மரக்கதவு வெச்ச ஒரு நீளத் திண்ணை, ஷோப்ஃப்னு பேரு, கோடைல திறந்துட்டு அங்கயே சாப்பாடு, அரட்டை, தையல் எல்லாம்.

இதுக்கு ஷ்வார்ட்ஸன்பெர்க் சதுக்கம்தான் சரியான எடம். 1755ல தீப்பிடிச்சு ஊரு எரிஞ்சப்புறம் திரும்பக் கட்டுனது, இன்னும் அப்படியே பாதுகாக்குறாங்க. சர்ச்சுக்குள்ள போய் சுவத்துல இருக்குற அப்போஸ்தலர் படங்களைப் பாருங்க, ஏஞ்சலிகா காஃப்மன் பதினாறு வயசுல அப்பாவோட சேர்ந்து வரைஞ்சது, அப்பா இந்த ஊருக்காரர். அதே பொண்ணு 1768ல லண்டன்ல ராயல் அகாடமிங்கிற கலைக் கழகத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரானாங்க. அவங்க மியூசியம் ஒரு பழைய பண்ணை வீட்டுல இருக்கு, ஒரே டிக்கெட்ல ஓவியமும் பாக்கலாம், அந்தக் கால அடுப்பங்கரையும் பாக்கலாம்.

மரவேலை இன்னிக்கும் உயிரோட இருக்கு. ஆண்டல்ஸ்புக்ல தச்சர், கொல்லர், தையல்காரர்னு எல்லாரும் சேர்ந்து நடத்துற கண்காட்சிக் கூடம் 2013ல திறந்தது, கட்டடத்தை வடிவமைச்சது பீட்டர் ஸும்தோர்ங்கிற ஸ்விஸ் கட்டடக் கலைஞர். க்ரும்பாக் ஊருல 2014ல பல நாட்டு கட்டடக் கலைஞர்கள் வடிவமைச்ச ஏழு பஸ் ஸ்டாப் இருக்கு, உள்ளூர் தச்சருங்கதான் கூட நின்னு கட்டுனாங்க, பஸ்லயே போய் ஒவ்வொண்ணா இறங்கிப் பாக்கலாம். ரீஃபன்ஸ்பெர்க்ல யூப்பெங்கிற கறுப்பு மடிப்புப் பாவாடை உடைய இன்னும் பழைய முறைல சாயம் போட்டு பளபளப்பேத்துறாங்க, அது தெருவுல வேஷமா போட்டுக்கிட்டு நிக்கிறதில்ல, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அவங்களே போட்டுக்கிறது, போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. ஹிட்டிஸாவ்ல பெண்கள் மியூசியம் ஒண்ணு இருக்கு, 2000லேர்ந்து, மழை நாளுக்கு ஒதுக்கி வெச்சுக்கோங்க.

மாடு இறங்குற நாள்

செப்டம்பர்ல போறவங்களுக்கு கடைசியா இது. தேதி ஊருக்கு ஊரு வேற, மலைல பனி சீக்கிரம் விழுந்தா முன்னாடியே இறங்கிடுவாங்க, அதனால தங்குற வீட்டுல முந்தின நாளு கேளுங்க. ஷ்வார்ட்ஸன்பெர்க்ல செப்டம்பர் நடுவுல சந்தையோட சேர்ந்து நடக்கும், கூட்டம் அதிகம், காலைல முதல் பஸ்லயே போயிடுங்க. மலைல கோடை நல்லபடியா போயிருந்தா, மாடோ மனுஷனோ சாகாம இருந்தா மட்டும்தான் தலைல பூ அலங்காரம், அலங்காரம் இல்லாம ஒரு கூட்டம் அமைதியா வந்தா அங்க ஏதோ துக்கம், கேமராவை கீழ எறக்கிடுங்க. பெரிய மணி எல்லாம் அன்னிக்கு மட்டும்தான், மேய்ச்சல்ல சின்ன மணிதான். ரோட்டோரமா, வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, சின்னப் பிள்ளைங்களை முன்னாடி நிறுத்தாதீங்க, ட்ரோன் பறக்க விடாதீங்க, பழுப்பு மாடு பாக்க சாதுவா இருந்தாலும் பல மணி நேரம் நடந்து களைச்சு வர்ற கூட்டம் மிரண்டா யாராலும் நிறுத்த முடியாது. ஊர்வலம் முடிஞ்சதும் சந்தைல அந்தக் கோடையோட ஆல்ப்கேஸ வெச்சிருப்பாங்க, இளசாத்தான் இருக்கும், முதிர்ந்தது வேணும்னா போன வருஷத்தது இருக்கான்னு கேட்டு வாங்குங்க.